கோடு போட்டுவிட்டுக் கூட்டம் போடாதீர்கள்: கடல் காப்பகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் காப்பகம், அதாவது மீன்பிடிப்பைத் தடுத்தோ கட்டுப்படுத்தியோ காக்கும் கடல் பகுதி ஒன்றின் எல்லையை வரைபடத்தில் முடிவு செய்துவிட்டு, “உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்” என்று மீனவர்களைக் கூப்பிடுவதுதான் முதல் தவறு. அதன்பின் நடக்கும் கூட்டமெல்லாம் ஒப்புக்குத்தான். எந்தப் பாறைத் திட்டில் எந்த மாதம் மீன் முட்டையிடும், காற்று மாறினால் படகு எங்கே ஒதுங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்காமல் போட்ட எல்லை, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சிறு படகுகள் தொழில் செய்யக்கூடிய ஒரே இடத்தை அடைத்துவிடலாம். விதிமீறல் அங்கேதான் தொடங்கும்.

ஜிபிஎஸ் புள்ளிகளை மட்டும் எழுதிவைத்தால், கருவி இல்லாத படகுக்கு எல்லை எங்கே தெரியும்? கரையில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு நிலையான அடையாளங்கள், ஒரு கோபுரமும் ஒரு குன்றும் என்று வையுங்கள், ஒரே நேராகத் தெரியும் கோட்டை எல்லையாக்குங்கள். மிதவை போட்டால், புயலில் அறுந்தபின் புதிதாகப் போட யார் பணம் தருவது என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

படகு உரிமையாளர் சங்கத்தோடு பேசிவிட்டு ஊரோடு பேசியதாகக் கணக்குக் காட்டுவது அடுத்த தவறு. கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்களும், கடல் வற்றும்போது நடந்துபோய்ச் சிப்பி பொறுக்கும் பெண்களும் அந்தச் சங்கத்தில் இருப்பதில்லை. கரையோரத்தை மூடினால் முதல் அடி அந்தப் பெண்களுக்குத்தான். வேறு இடம் போக அவர்களிடம் படகு இல்லை. வற்று நேரத்தில் கூட்டம் வைத்தால் அவர்களால் வரவும் முடியாது.

“மூடினால் மீன் பெருகும்” என்று காலக்கெடு சொல்லாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். மடகாஸ்கரின் அண்டவடோகாவில் 2004-இல் ஆக்டோபஸ் பிடிக்கும் ஒரு திட்டை மட்டும் சில மாதங்கள் மூடினார்கள். ஆக்டோபஸ் வேகமாக வளர்வதால் பலன் சீக்கிரமே கைக்கு வந்தது. மெதுவாக வளரும் பெரிய களவா மீன்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. மெக்சிகோவின் காபோ புல்மோ கடல் பகுதி 1995-இல் தேசியப் பூங்காவானது. அங்கே மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்தது 1999-க்கும் 2009-க்கும் இடையில். தற்காலிக மூடலானால் திறக்கும் நாளுக்கும் விதி வேண்டும்: யார் வரலாம், எத்தனை மணி நேரம், குறைந்தபட்ச எடை என்ன. இல்லாவிட்டால் மாதக்கணக்கில் சேர்ந்தது சில நாளில் காலி, விலையும் சரியும்.

எல்லையைக் காவல் காக்கும் ஊராருக்கு டீ-சர்ட்டும் டார்ச்சும் போதாது. தடுத்து நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் வேண்டும், எரிபொருளுக்கு மாதாந்திர ஒதுக்கீடு வேண்டும். வெளி விசைப்படகு வந்ததாகத் தகவல் கொடுத்தும் அதிகாரி இரண்டு முறை வராவிட்டால், மூன்றாம் முறை யாரும் தகவல் கொடுக்கமாட்டார்கள்.