லாரி எஞ்சினின் இழுவை: டீசலை மட்டும் நம்புவோர் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் ஜல்லியும் செங்கல்லும் ஏற்றி ஓடும் லாரி சற்றுத் திணறினால், உரிமையாளர் முதலில் சந்தேகப்படுவது டீசலைத்தான். எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் பிக்கப் வந்துவிடும் என்று பட்டறையில் யாராவது சொல்வார். திறந்ததும் கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி சீறுவதைப் பார்த்து எல்லோரும் நிறைவடைவார்கள். டீசல் எஞ்சினுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால் நேரும் தவறு இது.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்தே அழுத்தப்படுகின்றன; அளவுக்கு மீறி அழுத்தினால் கலவை நேரம் தவறி எரிந்து எஞ்சின் தட்டத் தொடங்கும் என்பதால் பத்து, பன்னிரண்டு மடங்குக்கு மேல் போவது கடினம். டீசல் எஞ்சினோ காற்றை மட்டும் உள்ளிழுத்து, லாரிகளில் பெரும்பாலும் 16 முதல் 18 மடங்கு வரை நெருக்குகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால், நாசில் பீய்ச்சும் டீசல் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு நெருக்கிப் பின் விரியவிடுகிறோமோ அவ்வளவு அதிகமாக வெப்பம் வேலையாக மாறும். இவ்வகை எஞ்சினை உருவாக்கிய ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. இன்றைய லாரி எஞ்சின்கள் 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன.

வண்டி வாங்கும்போது குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 130 குதிரைத்திறன் தரும் கார் எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருப்பும் விசை, அந்த வேகத்தில் சுமார் 150 நியூட்டன் மீட்டர்தான். அதே 130-ஐ 2,400 சுற்றில் தரும் லாரி எஞ்சினில் அது சுமார் 380. கியரைக் கூட்டிக் குறைத்தால் கார் எஞ்சினும் சக்கரத்தில் அதே விசையைத் தரும் என்பது கணக்களவில் சரியே. ஆனால் கல்குவாரிப் பள்ளத்திலிருந்து லோடுடன் மேலேறும் டிப்பருக்காக அது நாள் முழுதும் 6,000 சுற்றில் அலறவேண்டியிருக்கும். அப்படி ஓடும் எஞ்சின் எத்தனை நாள் தாங்கும்? லாரி எஞ்சின் நிதானமாகச் சுற்றியே அதைச் செய்வதற்கு நீண்ட ஸ்ட்ரோக் ஒரு காரணம்: டாடா 697 எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 97 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரமோ 128.

இனி பம்புக்கு வருவோம். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்குக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று; புகையின்றி எரிய அதற்கும் மேலே வேண்டும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால், எரியாத கரி புகையாக வெளியேறும், வெளியேறும் வாயுவின் வெப்பம் உயரும், பிஸ்டனின் தலை கருகும், மிச்ச டீசல் சிலிண்டரின் உள்சுவரான லைனர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். சிறிதளவு இழுவை கூடுவது உண்மைதான். அந்தச் சிறிதளவுக்காக ஒரு எஞ்சினையே பலிகொடுப்பதை நான் கெட்டிக்காரத்தனமாகக் கருதவில்லை.

அந்தப் பத்தாயிரம் லிட்டர் காற்றும் நம் ஊரில் எப்படிப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோடையில் செம்மண் சாலையில் முன்னால் ஒரு டிப்பர் போனால், பின்னால் வருபவருக்குச் சாலையே தெரியாது. அந்தப் புழுதி ஏர் ஃபில்டரில் அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. டீசல் வழக்கம்போல் வந்துகொண்டிருக்க, புகையும் திணறலும் தொடங்குகின்றன. பம்பைத் திறக்கச் சொல்லும் பல வண்டிகளுக்கு உண்மையில் வேண்டியது ஒரு புதிய ஃபில்டர் மட்டுமே. அதைச் செய்யாமல் கம்ப்ரஸர் காற்றைப் பலமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறார்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, அதன்பின் மண் நேராக உள்ளே போய் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. தேய்ந்த எஞ்சினில் கம்ப்ரஷன் நிற்காது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தாலும் இதே கதிதான், அதை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

டர்போவின் வேலையும் காற்றைப் பற்றியதே. வீணாகப் போகும் புகையின் விசையில் சுழன்று, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. நெருக்கத்தில் சூடேறும் அந்தக் காற்றை இன்டர்கூலர் ஆற்றி அடர்த்தியாக்குகிறது. இன்டர்கூலர் முகப்பில் பூச்சியும் சேறும் அப்பியிருந்தால் நாற்பது டிகிரி வெயிலில் இழுவை குறைவதில் வியப்பில்லை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை எட்டக்கூடியது, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதப்பது. லோடுடன் விரட்டிவந்து டீக்கடை வாசலில் சட்டென்று எஞ்சினை நிறுத்தினால், ஆயில் வரத்து நின்று, சூட்டில் அங்கேயே கருகிப்போகும். ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் போதும். மணிக்கணக்கில் விடத் தேவையில்லை.

பெரும்பாலும் சமதரையான செட்டிநாட்டில் டாப் கியரிலேயே ஓட்டும் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. ரயில்வே மேம்பாலத்திலோ கண்மாய்க்கரை ஏற்றத்திலோ சுற்று ஆயிரத்துக்குக் கீழே விழுந்த பின்பும் கியர் மாற்றாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், அந்தச் சுற்றில் டர்போ போதிய காற்றைத் தராது, கிராங்க் பேரிங்குகள் மீது மட்டும் சுமை ஏறும். பெரும்பாலான லாரி எஞ்சின்களில் உச்ச முறுக்குவிசை 1,200 முதல் 1,600 சுற்றுக்குள் கிடைப்பதால், சுற்றுக்காட்டியின் முள்ளை அங்கே வைத்திருக்க ஒரு கியர் குறைப்பதே டீசலுக்கும் மிச்சம்.

சூட்டுக்குப் பயந்து, எஞ்சின் சூடேறும்வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவதும், ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுவதும் இங்கே சகஜம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தேவையான வெப்பத்துக்கு வர நெடுநேரம் பிடிக்கும், அதுவரை டீசல் சரியாக எரியாது. உப்புத் தண்ணீரோ லைனரைச் சுற்றிப் படிவம் கட்டி, வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கும். கூலண்டின் விலையைப் பார்ப்பவர்கள் லைனர் செட்டின் விலையையும் ஒருமுறை விசாரித்துவிடலாம்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. அவற்றின் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம், தூய்மைப்படுத்திய நீரில் 32.5 விழுக்காடு யூரியா கலந்தது. வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவற்றிலுள்ள உப்புகள் அந்தத் திரவத்தைப் புகையில் பீய்ச்சும் நாசிலில் படிந்ததும் சென்சார் அதைக் கண்டுகொள்ள, கணினி எஞ்சினின் இழுவையைத் தானே குறைத்துவிடும். இப்படி நின்ற வண்டியில் பம்பையோ டர்போவையோ பிரிப்பதற்கு முன், அந்தத் திரவத் தொட்டியை வடித்துப் பார்க்கவேண்டும்.