லீ என்ஃபீல்டு போல்ட் மக்கர் செய்கிறதா? எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

பழைய ராணுவ ரைஃபிள் போட்டிகளுக்கென்று லீ என்ஃபீல்டு நம்பர் 4 வாங்குகிறவர்கள், இங்கிலாந்தில் பிஸ்லி மாதிரி இடங்களில் வேகச் சுற்று சுடும்போது போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு உருளை) ஒரு தடவை இறுகி நின்றால் போதும், அன்று ராத்திரியே இணையத்தில் வேறு போல்ட் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் ஊர் போலீஸ் கையில் பல வருடம் பார்த்த 303-இன் பங்காளிதான் இது, லேசில் தேயாது. பெரும்பாலும் கோளாறு அழுக்கில் இருக்கும், இல்லையென்றால் ஒரு சின்ன ஸ்பிரிங்கில் இருக்கும். அதோடு, சுடும்போது போல்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டுப் பற்கள் அந்தந்த ரைஃபிளின் உடலோடு பொருத்திப் பார்த்து இணைக்கப்பட்டவை. அதனால்தான் போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் ரைஃபிளின் வரிசை எண்ணே அடிக்கப்பட்டிருக்கிறது. எண் பொருந்தாத போல்டைச் செருகினால் ஒரு பல் மட்டும் பாரம் தாங்கலாம், குறி சிதறலாம், ஆபத்தும் உண்டு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போல்டை முன்னால் தள்ளும்போது கடைசியில் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறதா? அது கோளாறே இல்லை. ஜெர்மன் ரைஃபிளான மௌசர் 98 கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்பிரிங்கை ஏற்றும், லீ என்ஃபீல்டு மூடும்போது ஏற்றும், அவ்வளவுதான்.

1. கழற்றுவது

மாகசினை எடுத்துவிட்டு, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். அப்புறம் குறி பார்க்கும் பின்பக்கச் சட்டத்தை நிமிர்த்துங்கள், இல்லையென்றால் போல்ட் அதில் இடிக்கும். மார்க் 1, மார்க் 2 வகைகளில் வலப்பக்கம் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு போல்டை முழுக்கப் பின்னால் இழுத்து, போல்ட் தலையை மேல்நோக்கித் திருப்பினால் வெளியே வந்துவிடும். கனடாவின் லாங் பிராஞ்ச், அமெரிக்காவின் சாவேஜ் செய்த மார்க் 1 ஸ்டாரில் இந்தத் தாழ் கிடையாது, போல்ட் தலை ஓடும் தண்டவாளத்தில் முன்பக்கம் ஒரு வெட்டு இருக்கும், தலையை அங்கே கொண்டுவந்து திருப்ப வேண்டும். அந்த வெட்டின் ஓரம் சிலும்பிப் போயிருந்தால் வேகமாகச் சுடும்போது தலை தானாகவே தண்டவாளத்தை விட்டு எகிறும். பார்க்கப் போல்ட் கோளாறு போலவே இருக்கும், ஆனால் அது ரைஃபிள் உடலின் தேய்மானம். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

2. கழுவுவது

போல்ட் தலையைத் திருகிக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கிடங்கில் வைக்கப் பூசிய கிரீஸ் ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே உறைந்திருக்கும். குளிர்நாளில் தோட்டா சில நேரம் வெடிக்காமல் போவதற்கு முக்கால்வாசி இதுவே காரணம், அடிக்கும் ஊசி தன் முழு வேகத்தில் போக முடியாது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ் விட்டு, துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள். உள்ளே மறுபடி எண்ணெய் ஊற்ற வேண்டாம், எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு போதும்.

ஊசியைக் கழற்ற இதற்கென்றே செய்த நீளமான கருவி வேண்டும். பின்னால், ஊசியின் வாலில் மாட்டியிருக்கும் காக்கிங் பீஸில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை முதலில் எடுக்க வேண்டும், அதை மறந்துவிட்டுக் கருவியை முறுக்கினால் மரை போய்விடும். திரும்பப் பூட்டும்போது ஊசியின் வால் காக்கிங் பீஸின் பின்முகத்தோடு சமமாக நிற்கட்டும், அப்போதுதான் ஸ்க்ரூ சரியாக உட்காரும்.

3. அளப்பது

ஊசி விழுந்த நிலையில் போல்ட் முகத்திலிருந்து அதன் முனை 0.040 முதல் 0.050 அங்குலம் வெளியே நீட்ட வேண்டும். குறைந்தால் தோட்டா வெடிக்காது, கூடினால் பிரைமர் (தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கும் சின்னக் குப்பி) துளைபடலாம்.

அடுத்தது போல்ட் தலை. இதைக் கையால் முழுக்கத் திருகிப் பாருங்கள். தலையின் பக்கவாட்டு நீட்டமும் போல்ட் உடலின் நீள விலாவும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வர வேண்டும். கோட்டைத் தாண்டி 20 டிகிரி போல ஓடினால், சுடும்போது வரும் பாரத்தைத் தோள் தாங்காமல் மரை தாங்குகிறது என்று அர்த்தம். அந்தத் தலையோடு சுடாதீர்கள்.

ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட் முகத்துக்கும் அறைக்கும் நடுவே தோட்டாவுக்கு விடும் இடம் பற்றிப் பயமுறுத்தும் பேச்சு நிறைய உண்டு. 303 தோட்டாவுக்கு விளிம்பு இருப்பதால் அந்த விளிம்புக்கான இடம்தான் இங்கே கணக்கு. 0.064 அங்குல கேஜில் (அளவுக் கட்டையில்) போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல ஃபீல்டு கேஜில் மூடக் கூடாது. ஊசியையும், கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரையும் எடுத்துவிட்டு ஒரு விரல் பலத்தில் மட்டும் மூடிப் பாருங்கள், அமுக்கினால் எந்தக் கேஜிலும் மூடத்தான் செய்யும். இடம் அதிகமானால் 0 முதல் 3 வரை எண் போட்ட தலைகளில் நீளமானதை மாற்றலாம், ஆனால் எண்ணை நம்பி வாங்காமல் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள், ஒரே எண்ணிலும் நீளம் மாறும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் விளிம்புக்குச் சற்று மேலே பளபளவென்று வளையம் தெரிந்தால் அது அறுந்துபோகத் தயாராக இருக்கிறது, அந்தக் கூட்டை மறுபடி நிரப்ப வேண்டாம்.

4. அறிகுறி பார்த்துப் பிடிப்பது

சுட்ட பிறகு கைப்பிடி தூக்க வரவில்லையா? போல்டைத் திட்டுவதற்கு முன் அறையைத் துலக்குங்கள், நீங்களே நிரப்பிய தோட்டாவென்றால் மருந்தின் அளவைக் குறையுங்கள். கூடு வெளியே வராமல் உள்ளேயே நின்றால் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் பித்தளைத் தூள் சேர்ந்திருக்கும், அல்லது அதன் பட்டை ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். விலை குறைவுதான், பெட்டியில் ஒன்று உபரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். கூடு வெளியே வந்தும் எகிறி விழவில்லை என்றால் தயங்கித் தயங்கி இழுக்கிறீர்கள், ஒரே இழுப்பாக இழுங்கள். அப்படியும் விழவில்லையென்றால் இடப்பக்கச் சுவரில் கூட்டைத் தட்டிவிடும் எஜெக்டர் ஸ்க்ரூவின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டா உள்ளே போகும்போதே சிக்கினால் மாகசினில் ஒரு விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டியிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு எப்போதும் கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி அடுக்குங்கள்.

எதற்காகவும் பூட்டுப் பற்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வழுவழுப்பாக ஓடட்டும் என்று செய்யும் அந்த வேலை ஹெட்ஸ்பேஸைக் கூட்டும், பழையபடி ஆக்க முடியாது.

5. போட்டி அன்று

பூட்டுப் பற்களின் பின்பக்கம் துளி கிரீஸ். அறையும் போல்ட் முகமும் தோட்டாவும் மட்டும் உலர்ந்தே இருக்க வேண்டும். மற்ற ரைஃபிள்களைவிட இதில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பற்கள் போல்டின் பின்னால் இருக்கின்றன. உலர்ந்த கூடு விரிந்து அறைச் சுவரைக் கவ்விக்கொண்டு பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும். எண்ணெயோ மழைநீரோ பட்ட கூடு வழுக்கி மொத்த அடியையும் போல்ட் மேல் போடும், போல்ட் நீளவாட்டில் அமுங்கும், உங்கள் குண்டு உயரம் மாறி விழும். மழை வந்தால் ரைஃபிளை மூடுவதற்கு முன் தோட்டாப் பெட்டியை மூடுங்கள்.

பழைய ராணுவத் தோட்டா சுட்டிருந்தால் அதன் பிரைமர் உப்பு துருவை வரவைக்கும், எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. அன்றே போல்ட் தலையிலும் குழலிலும் கொதிநீர் ஊற்றி, சூட்டிலேயே உலர்த்தி, அப்புறம் எண்ணெய் விடுங்கள். மறுநாள் வெள்ளைத் துணியால் துடைக்கும்போது பழுப்பாக வந்தால் இன்னொரு தடவை கொதிநீர்.