கழன்ற சப்பாத்து அடியும் நைலான் கயிறும்

கோலாலம்பூரிலிருந்து நண்பருடன் சென்று மெராப்போ வழியாகக் குனோங் தஹான் மலையில் (2,187 மீட்டர்) ஏறியபோது, கெம் கோர் முகாமுக்கு அப்பாலுள்ள செங்குத்தான ஏற்றத்தில் அவருடைய வலது சப்பாத்தின் அடிப்பகுதி முன்பக்கமாகப் பிளந்து தொங்கியது. பார்வைக்குப் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் பாலியூரித்தேன் நுரையால் ஆன நடு அடுக்கு, நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரிக்குள் சும்மா கிடந்தாலும் நாளடைவில் உள்ளுக்குள் பொடிந்துவிடுவதால், பசைக்கு அங்கே பிடிமானமே இல்லை.

முதலில் சுற்றிய ஒட்டுநாடா ஈரத்தில் நிற்காமல், பாறையில் உரசிக் கிழிந்தது. பிறகு கூடாரத்தின் உபரி நைலான் கயிற்றை, அடியிலுள்ள பள்ளங்களில் அமருமாறு விரல் பகுதியில் ஒரு சுற்றும் குதிகாலுக்குச் சற்று முன்னே மற்றொரு சுற்றுமாகச் செலுத்தி, புறங்காலின் மேல் குறுக்காக இழுத்து, சப்பாத்துக் கயிற்றோடு சேர்த்து இறுக்கினேன். அந்த இரண்டாவது சுற்றுதான் முக்கியம். அது இழுத்துப் பிடிக்காவிட்டால் முன்கட்டு விரல் நுனியை விட்டு நழுவிவிடும். மறுகால் தட்டாதபடி முடிச்சு வெளிப்பக்கம் இருக்க வேண்டும்.

கயிறு தேயத் தேய மாற்றியதில் அந்தக் கட்டு உச்சிவரை தாங்கியது. எங்கள் வழிகாட்டியோ, கம்போங் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'அடிடாஸ் கம்போங்' ரப்பர் சப்பாத்தில் கவலையின்றி நடந்தார். ஒரே வார்ப்பான அதில் கழல்வதற்குத் தனியாக ஒட்டிய அடியே கிடையாது.