பூங்கா பராமரிப்பு ஒப்பந்தத்தை நீட்டிப்பது எப்படி? மாநகராட்சிப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மார்ச் 31 அன்று ஒப்பந்தம் முடிந்தது. ஏப்ரல் 1 காலையில் பூங்காவில் மோட்டார் போட ஆள் இல்லை. புதிய ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) இன்னும் திறக்கப்படவே இல்லை. நான் பணியாற்றிய ஓர் ஊரில் இது நடந்தது. இடைவெளி 18 நாள். சாலை நடுத்திட்டில் இருந்த அரளியும் காகிதப்பூவும் எப்படியோ தாங்கிக்கொண்டன. பூங்காவின் புல்தரை தாங்கவில்லை. அதைக் கொத்திப் போட்டுப் புதிதாகப் புல் பதிக்க வேண்டியதாயிற்று. அங்கே வேலை பார்த்துவந்த 12 பேருக்கு அந்த 18 நாளும் கூலியும் கிடையாது.

நீட்டிப்புக் கோப்பைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுதான் காரணம். உதவிப் பொறியாளராகவோ பூங்காப் பிரிவு எழுத்தராகவோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கோப்பை யாரும் சொல்லித் தருவதில்லை. பழைய கோப்பைப் பார்த்து அப்படியே எழுதச் சொல்வார்கள். பழைய கோப்பில் இருக்கும் தவறும் அப்படியே வந்து சேரும்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

பணி உத்தரவை மட்டும் பார்த்தால் போதாது. ஒப்பந்தப்புள்ளி ஆவணம் முழுவதையும் எடுங்கள். நீட்டிப்பு பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மீதி எல்லாம்.

"ஓராண்டு காலம்; பணி திருப்திகரமாக இருந்தால் அதே விகிதத்தில் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம்" என்பது போல ஒரு நிபந்தனை இருந்தால் உங்கள் வேலை எளிது. ஒப்பந்தப்புள்ளி கோரியபோதே எல்லோருக்கும் தெரிந்த நிபந்தனை அது; அதை மனதில் வைத்துத்தான் எல்லோரும் விலை கொடுத்திருப்பார்கள். பணி திருப்திகரமாக இருந்தது என்பதை நீங்கள் காட்டினால் போதும்.

அப்படி நிபந்தனை இல்லை, அல்லது இருந்ததை ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது என்றால் நிலைமை வேறு. பெயர் நீட்டிப்பு என்றாலும், அது ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் வேலை கொடுப்பதற்குச் சமம். தமிழ்நாட்டில் இதற்கு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. சட்டத்தின் 16ஆவது பிரிவில் சில விலக்குகள் உண்டு. இயற்கைப் பேரிடர் போன்ற அவசரங்கள் அதில் வரும். "கோப்பு தாமதமாகிவிட்டது" என்பது அந்த விலக்குகளில் இல்லை. எனவே இந்த இரண்டாம் வகையில் காலம் மிகக் குறுகியதாக, புதிய ஒப்பந்தப்புள்ளியோடு கட்டப்பட்டதாக, காரணம் தெளிவாக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். சட்டப் பிரிவின் கருத்தையும் வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள். தணிக்கை ஆட்சேபணை பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது.

நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள்

ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்க, மதிப்பு 2 கோடி ரூபாய் வரை என்றால் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மதிப்பீடு, நிர்வாக அனுமதி. அதற்குப் பின் தொழில்நுட்ப உறை, விலை உறை ஆகியவற்றைத் திறந்து பரிசீலிப்பது, மாநகராட்சி மன்ற ஒப்புதல், பணி உத்தரவு, ஒப்பந்தக் கையெழுத்து. எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தாலே நான்கு மாதம் ஆகிவிடும். ஆக, மார்ச்சில் முடியும் ஒப்பந்தத்துக்குப் புதிய ஒப்பந்தப்புள்ளி வேலையை நவம்பரில் தொடங்க வேண்டும். நீட்டிப்பு தேவைப்படுமா என்பது ஜனவரித் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

தேர்தல் ஆண்டு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு பிப்ரவரி 26 அன்று வந்தது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16. இரண்டு முறையும் நடத்தை விதிகள் சரியாக நிதியாண்டு முடிவின் மேல் வந்து உட்கார்ந்தன. நடக்கும் பணி தொடரலாம். தேர்தல் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோரவோ முடிவு செய்யவோ வழியில்லை. மன்றக் கூட்டமும் பொதுவாக நடக்காது. எனவே அந்த ஆண்டுகளில் ஜனவரிக் கூட்டத்திலேயே நீட்டிப்புக்கான தீர்மானத்தை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் ஏப்ரல், மே தண்ணீர் இல்லாமல் செடி வளர்க்கும் மாதங்கள் இல்லை.

பூங்காவுக்கு நேரில் போங்கள்

இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "பணி திருப்திகரமாக உள்ளது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். நான் சொல்வது, ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒவ்வொரு நடுத்திட்டுக்கும் ஒரு முறையாவது சொல்லாமல் போய்ப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு முன் போனால் தண்ணீர் பாய்ச்சுகிறார்களா, எத்தனை பேர் உண்மையில் வந்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

ஒப்பந்தப்படி எத்தனை ஆள் வர வேண்டும் என்ற எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தலையை எண்ணுங்கள். புல்தரையில் கோரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதமாகக் களை எடுக்காத புல்தரை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இட்லிப்பூ, நந்தியாவட்டை வேலிகளில் கவாத்து செய்த வெட்டு புதியதா பழையதா என்று பாருங்கள். வெட்டிய கிளைகளையும் சருகையும் எங்கே கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். மூலையில் குவித்து எரித்த கரி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்வெல் மோட்டார் ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் அது ஒப்பந்ததாரரின் பொறுப்பா, நம் மின்பிரிவின் பொறுப்பா? பல பூங்காக்களில் செடி காய்ந்ததற்கு உண்மையான காரணம் நாம் மாற்றித் தராத மோட்டாராக இருக்கும். அதையும் அப்படியே எழுதுங்கள்.

அப்புறம், தினமும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பேசுங்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வரவில்லை, எந்த விளக்கு எரியவில்லை என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

படம் எடுக்கும்போது தேதியும் இடமும் பதியும்படி எடுங்கள். கடந்த ஓராண்டில் ஒப்பந்ததாரரின் பட்டியல்களில் (பில்களில்) பிடித்தம் செய்த அபராதத் தொகையையும் மாதவாரியாக ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவிட்டால் ஆய்வு அறிக்கை தயார். நேரில் பார்த்ததும் அபராதப் பட்டியலும் சேர்ந்து பணி மோசம் என்று சொன்னால், நீட்டிப்பைப் பரிந்துரைக்காதீர்கள். துறைப் பணியாளர்களைக் கொண்டு சில வாரம் சமாளிக்க முடியுமா என்று கேட்டு எழுதுங்கள்.

அதே விகிதம் என்று எழுதும் முன்

நீட்டிப்பு என்றால் "அதே விகிதத்தில், அதே நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று எழுதுவது வழக்கம். மாநகராட்சிக்கு இது லாபம் போலத் தெரியும். ஆனால் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது. உள்ளாட்சிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் தினக்கூலியும் மாறும். பழைய விகிதத்தை வைத்துக்கொண்டு கூலி மட்டும் ஏறினால் அந்த வித்தியாசம் யார் தலையில் விழும்? என் அனுபவத்தில் அது ஒப்பந்ததாரர் தலையில் விழுவதில்லை. ஆள் குறையும், அல்லது வருங்கால வைப்பு நிதி கட்டுவது நிற்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். வேலையளிப்பவர் பங்காக வைப்பு நிதிக்கு நிர்வாகச் செலவும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,950 ரூபாய். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு (இஎஸ்ஐ) 3.25 சதவீதம், அதாவது 487.50 ரூபாய். இரண்டும் சேர்த்து 2,437.50. 12 பேருக்கு மாதம் 29,250. ஆறு மாத நீட்டிப்பில் 1,75,500 ரூபாய். கட்டாமல் விட்டால் அந்த 12 பேருக்காகச் செலுத்த வேண்டிய அவ்வளவு பணமும் நின்றுவிடுகிறது.

ஆகவே நீட்டிப்புக் குறிப்பிலேயே இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன். கூலி உயர்வின் வித்தியாசம், வங்கி வழியாகத் தொழிலாளிக்குக் கொடுத்த ஆதாரம் காட்டினால் தனியே வழங்கப்படும் என்பது ஒன்று. ஒவ்வொரு மாதப் பட்டியலோடும் வைப்பு நிதி, காப்பீட்டுச் செலுத்துச் சீட்டு பெயர்ப் பட்டியலுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது இன்னொன்று. வைப்பு நிதி, காப்பீடு இரண்டையும் கட்டக் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. சீட்டில் உள்ள பெயரும் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காமல் போனால், முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு நம்மிடம்தான் வந்து நிற்கும்.

ஜிஎஸ்டியையும் ஒரு முறை சரிபாருங்கள். பூங்காக்கள் அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணையில் நகராட்சியின் பணியாகவே வருகின்றன. அதனால் ஆள் மட்டும் தரும் தூய சேவைக்கு விலக்கு உண்டு. உரம், செடி போன்ற பொருள்களும் சேர்ந்து வந்தால், பொருளின் மதிப்பு 25 சதவீதத்தைத் தாண்டாதவரை விலக்கு தொடரும்.

குறிப்பு எழுதுவது

ஒப்பந்ததாரரிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதக் கடிதம் வாங்கிய பிறகுதான் அலுவலகக் குறிப்பை எழுத வேண்டும். மன்றக் கூட்டத்தில் வைக்கும் பொருளின் மையப் பகுதி இப்படி இருக்கலாம்:

"மேற்படி பராமரிப்புப் பணிக்கான ஒப்பந்தக் காலம் 31.03 அன்று முடிவடைவதாலும், புதிய ஒப்பந்தப்புள்ளி நடவடிக்கை நிலுவையில் உள்ளதாலும், கோடைக் காலத்தில் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பணி தடைபடாதிருக்கவும், நடப்பு ஒப்பந்ததாரருக்கு 01.04 முதல் மூன்று மாத காலத்துக்கு அல்லது புதிய ஒப்பந்ததாரர் பணி தொடங்கும் நாள் வரை, இவற்றில் எது முன்னதோ அதுவரை, காலநீட்டிப்பு வழங்க மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது."

"எது முன்னதோ அதுவரை" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால், புதியவர் மே மாதமே தயாராகிவிட்டாலும் பழையவரை ஜூன் வரை வைத்திருக்க நேரும். புதிய ஒப்பந்தப்புள்ளி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது முடியும் என்பதையும் தேதியோடு எழுதுங்கள். கூலி, வைப்பு நிதி பற்றிய அந்த இரண்டு வரிகள், மொத்தச் செலவு, எந்தக் கணக்குத் தலைப்பு, நிதி இருப்பு ஆகியவையும் குறிப்பில் வர வேண்டும்.

தீர்மானம் வந்த பிறகு

தீர்மானம் வந்ததும் வேலை முடிந்தது என்று கோப்பைக் கட்டிவிடுகிறோம். ஒப்பந்ததாரர் பிணையாகக் கொடுத்த வங்கி உத்தரவாதத்தின் கடைசித் தேதியை யாரும் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் ஜூன் வரை ஓடும், உத்தரவாதம் மார்ச்சிலேயே காலாவதியாகியிருக்கும். அதற்குப் பின் எவ்வளவு நஷ்டம் ஏற்பட்டாலும் பிடிக்க ஒன்றும் இருக்காது. உத்தரவாதத்தையும் தொழிலாளர் காப்பீட்டுப் பாலிசியையும் நீட்டித்துக் கொண்டுவந்தால்தான் நீட்டிப்பு உத்தரவு கையில் தரப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் கடிதம் உண்மையானதுதானா என்று வங்கிக் கிளைக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். பிறகு நீட்டிப்புக்கான துணை ஒப்பந்தத்தில் கையெழுத்து.

நீட்டிப்பின் கடைசி வாரத்தில், பழையவரும் புதியவரும் நீங்களும் சேர்ந்து ஒவ்வொரு பூங்காவாகப் போய் மரம், வேலி நீளம், புல்தரைப் பரப்பு, மோட்டார், குழாய், கத்தரிக்கோல் வரை எண்ணி மூவரும் கையெழுத்திடுங்கள். மோட்டார் அறைச் சாவியை அன்றே கைமாற்றுங்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் புதியவரிடம் கொடுங்கள். எந்த வால்வைத் திறந்தால் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.