ஹேண்டிகேப் பந்தயம்: அணியைச் சரியாகக் கணித்தும் பணம் எப்படிப் போகிறது?

2022 டிசம்பர் 18 அன்று கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றது. அந்த ஆட்டத்தில் ‘அர்ஜென்டினா −0.5’ என்று, அதாவது அதன் கோல்களில் அரை கோல் கழித்தும் அது முன்னால் இருக்கும் என்று பந்தயம் வைத்தவர்கள் பணத்தை இழந்தார்கள். கால்பந்தில் வழக்கமான ஹேண்டிகேப் பந்தயம் 90 நிமிடமும் நடுவர் சேர்க்கும் வீணான நேரமும் முடிந்தபோது இருக்கும் ஸ்கோரை வைத்தே தீர்க்கப்படும். அப்போது ஸ்கோர் 2-2. கூடுதல் நேரத்தில் அது 3-3 ஆனதும், பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றதும் கணக்கில் வராது. ‘அர்ஜென்டினா 0’ எடுத்தவருக்குப் போட்ட பணம் திரும்பி வந்தது. −0.25 எடுத்தவருக்குப் பாதி போனது.

அணியைத் தப்பாகக் கணித்துத் தோற்பது ஒரு வகை. பந்தயம் என்ன கேட்கிறது என்றே பார்க்காமல் தோற்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையை முழுக்கத் தவிர்க்கலாம். இங்கே பேசப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

ஹேண்டிகேப்பின் அடிப்படை எளிது. பலமான அணிக்கு மைனஸ், பலம் குறைந்த அணிக்குப் பிளஸ். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் எடுத்த அணியின் கோல்களோடு அந்த எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் அணி முன்னால் இருந்தால் ஜெயம், பின்னால் போனால் தோல்வி, சமமானால் பணம் திரும்பும். அதாவது எந்த அணி ஜெயிக்கும் என்பதோடு இது நிற்பதில்லை, எத்தனை கோல் வித்தியாசத்தில் என்பதையும் கேட்கிறது. 2022 மே 22 அன்று மான்செஸ்டர் சிட்டி, ஆஸ்டன் வில்லாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து, ஆறு நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்து 3-2 என்று ஜெயித்துப் பிரீமியர் லீக் பட்டத்தை எடுத்தது. அதே ஆட்டத்தில் சிட்டி −0.5 ஜெயித்தது, −1 எடுத்தவருக்குப் பணம் திரும்பியது, −1.5 எடுத்தவருக்கு முழுசாகப் போனது.

பெரிய அணி என்றால் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று நம்புவதுதான் மிகப் பரவலான தவறு. 2-0 என்று முன்னிலை வந்துவிட்டால் பயிற்சியாளரின் நோக்கம் மூன்றாவது கோல் அல்ல. முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பதும் காயத்தைத் தவிர்ப்பதும்தான் அப்போது அவருக்குப் பெரிது. ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்றிருக்கும்போது, வாரத்தின் நடுவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டமும் காத்திருந்தால், கடைசி அரை மணி நேரத்தில் ஆடுவது வேறொரு அணி போலவே இருக்கும். −1.5, −2 போன்ற லைன்களை (ஹேண்டிகேப் எண்களை) தொடுமுன் அடுத்த ஆட்டம் எப்போது, யாரோடு என்று பார்ப்பது புள்ளிப்பட்டியலைப் பார்ப்பதைவிட அவசியம்.

கால் கோல் லைன்கள்

−0.25, −0.75, −1.25 போன்ற லைன்களில் உங்கள் தொகை இரண்டாகப் பிரியும். −0.75 என்றால் பாதி −0.5இலும் பாதி −1இலும் போகிறது. 1.90 ஆட்ஸில், அதாவது ஜெயித்தால் போட்ட பணம் 1.90 மடங்காகத் திரும்பும் என்ற விலையில், 100 பவுண்ட் வைத்தீர்கள் என்று கொள்வோம். அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் 190 கைக்கு வரும். ஒரு கோல் வித்தியாசம் என்றால் −0.5இல் வைத்த 50 ஜெயித்து 95 ஆகும், −1இல் வைத்த 50 அப்படியே திரும்பும். மொத்தம் 145, லாபம் 45. டிராவானால் எல்லாம் போச்சு.

இப்போது அதே ஆட்டத்தில் −1.25 எடுத்திருந்தால்? பாதி −1, பாதி −1.5. ஒரு கோல் வித்தியாச வெற்றியில் முதல் பாதி திரும்பும், இரண்டாவது பாதி போகும். நஷ்டம் 50. −0.75, −1.25 இரண்டையும் ‘கிட்டத்தட்ட −1’ என்று நினைத்து எடுப்பவர்கள் நிறைய. ஒரே ஸ்கோரில் ஒன்று 45 லாபம் தருகிறது, மற்றது 50 நஷ்டம் தருகிறது. பிளஸ் பக்கமும் இதே கதைதான்: +0.25 எடுத்து ஆட்டம் டிராவானால் பாதி ஜெயம். +0.75 எடுத்து ஒரு கோலில் தோற்றால் பாதி நஷ்டம்.

ஒரு கோல் வித்தியாச வெற்றிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று தனியாக மதிப்பிடாமல் லைனைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஓர் அணி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க 30 சதவீதம், சரியாக ஒரு கோலில் ஜெயிக்க 22 சதவீதம், டிரா அல்லது தோல்விக்கு 48 சதவீதம் என்று நீங்கள் கணக்கிடுகிறீர்கள். அப்போது லாபமும் நஷ்டமும் இல்லாத ஆட்ஸ் −0.5க்கு 1.92, −0.75க்கு 2.17, −1க்கு 2.60, −1.25க்கு 2.97, −1.5க்கு 3.33. −1க்கு அது வரும் விதம்: பணம் திரும்பும் 22 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, 48ஐ 30ஆல் வகுத்தால் 1.60, அதோடு 1 கூட்டினால் 2.60. கால் கோல் லைனில் அந்த 22இல் பாதியை, அதாவது 11ஐ, −0.75க்கு ஜெயிக்கும் பக்கமும் −1.25க்குத் தோற்கும் பக்கமும் சேர்க்க வேண்டும். திரையில் −1க்கு 2.40 என்று இருந்தால், அணி எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், உங்கள் கணக்குப்படியே அது நஷ்டப் பந்தயம். இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு திரையைப் பார்ப்பவருக்கு எந்த லைன் மலிவு, எந்த லைன் விலை அதிகம் என்று உடனே தெரிந்துவிடும்.

இதோடு ஒட்டிய சின்ன விஷயம். −0.5 என்பதும் ‘அணி ஜெயிக்கும்’ என்ற சாதாரணப் பந்தயமும் ஒன்றே. 0 என்பதும் ‘டிரா ஆனால் பணம் வாபஸ்’ என்பதும் ஒன்றே. +0.5 என்பது ‘ஜெயம் அல்லது டிரா’. ஒரே நிறுவனத்தின் பக்கத்திலேயே ஒன்றில் 1.85, மற்றொன்றில் 1.90 என்று இருக்கலாம். குறைந்த ஆட்ஸில் எடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஐரோப்பிய −1 வேறு, ஆசிய −1 வேறு

ஐரோப்பிய ஹேண்டிகேப்பில் மூன்று விடைகள் உண்டு: அந்த அணி, ஹேண்டிகேப் டிரா, எதிரணி. அங்கே −1 எடுத்து அணி ஒரு கோலில் ஜெயித்தால் ‘ஹேண்டிகேப் டிரா’ எடுத்தவர்தான் ஜெயிப்பார், உங்களுக்கு முழு நஷ்டம். ஆசிய ஹேண்டிகேப்பில் அதே −1க்குப் பணம் திரும்பும். ஐரோப்பிய −1இன் ஆட்ஸ் ஆசிய −1ஐவிடக் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். உண்மையில் அது ஆசிய −1.5க்குச் சமம், அதோடுதான் ஒப்பிட வேண்டும். திரையில் மூன்று கட்டங்கள் தெரிந்தால் ஐரோப்பியம், இரண்டு தெரிந்தால் ஆசியம் என்று ஒரு பார்வையில் பிரித்துவிடலாம்.

ஆட்டம் நடக்கும்போது

நேரடிப் பந்தயத்தில் இதைவிடப் பெரிய குழி இருக்கிறது. கால்பந்தின் ஆசிய ஹேண்டிகேப்பில், ஆட்டத்தின் நடுவே வைக்கும் பந்தயத்துக்கு அந்த நொடியிலிருந்து ஸ்கோர் 0-0 என்று எண்ணுவதுதான் பரவலான முறை. 60ஆவது நிமிடத்தில் உங்கள் அணி 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது, −0.5 எடுக்கிறீர்கள், ஆட்டம் 1-0 என்றே முடிகிறது. அணி ஜெயித்துவிட்டது, உங்களுக்கு நஷ்டம். பந்தயம் வைத்த பிறகு அது ஒரு கோலும் அடிக்கவில்லை அல்லவா? அதே திரையில் ஐரோப்பிய ஹேண்டிகேப்போ முழு ஆட்டத்தின் ஸ்கோரை எடுத்துக்கொள்ளும். ஸ்லிப்பில் (பந்தயச் சீட்டில்) லைனுக்குப் பக்கத்தில் 1-0 என்று அப்போதைய ஸ்கோர் அச்சாகியிருந்தால், அங்கிருந்துதான் எண்ணப்போகிறார்கள் என்று கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் விதிகள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வையுங்கள்.

நேரடிப் பந்தயத்தில் ‘எல்லா மாற்றங்களையும் ஏற்கிறேன்’ என்ற பொத்தானையும் அணைத்து வைக்க வேண்டும். ஆட்ஸ் மாறுவது தெரியும், ஆனால் லைனே −0.75இலிருந்து −1க்கு நகர்ந்து ஆட்ஸ் அப்படியே நிற்பது கண்ணில் படாது. மேலே போட்ட கணக்கில் இந்த நகர்வின் விலை 2.17க்கும் 2.60க்கும் உள்ள தூரம்.

விளையாட்டு மாறினால் விதியும் மாறும்

கால்பந்துப் பழக்கத்தோடு அமெரிக்கக் கால்பந்துக்குப் போனால் கணக்கு உதைக்கும். அங்கேயும் கூடைப்பந்திலும் முழு ஆட்ட ஹேண்டிகேப்பில் பொதுவாகக் கூடுதல் நேரமும் சேரும். 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு லைன் −3. அட்லாண்டா ஃபால்கன்ஸிடம் 3-28 என்று பின்தங்கிய அணி, வழக்கமான நேரத்தை 28-28 என்று முடித்து, கூடுதல் நேரத்தில் 34-28 என்று ஜெயித்தது. ஆறு புள்ளி வித்தியாசம், எனவே −3 ஜெயம். அந்த விளையாட்டில் ஃபீல்ட் கோலுக்கு 3 புள்ளி, டச் டவுனும் அதன் கூடுதல் உதையும் சேர்ந்து 7. ஆகவே ஆட்டங்கள் 3, 7 வித்தியாசத்தில் முடிவது மற்ற எண்களைவிட அதிகம். −2.5, −3, −3.5 மூன்றுக்கும் நடுவே இருக்கும் அரைப் புள்ளிகள், −4.5க்கும் −5க்கும் நடுவே உள்ள அரைப் புள்ளியைவிட மிக அதிக விலை கொண்டவை.

ஐஸ் ஹாக்கியில் வழக்கமான லைன் 1.5. ஒரு கோல் பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்து இன்னொரு தாக்குதல் வீரரை இறக்கும். காலியான கோலில் எதிரணி அடித்துவிட்டால் பந்தயமே மாறிப்போகும்: ஒரு கோல் வித்தியாசம் இரண்டாகிவிடும்.

டென்னிஸில் கேம் ஹேண்டிகேப் என்பது செட் வெற்றியைப் பற்றியதே அல்ல. 2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஜோகோவிச், ஃபெடரரை 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்று வீழ்த்தினார். கேம்களைக் கூட்டிப் பாருங்கள்: ஜோகோவிச் 32, ஃபெடரர் 36. சாம்பியனுக்கு +3.5 கேம் கொடுத்திருந்தால்கூடப் பந்தயம் தோற்றிருக்கும். வீரர் காயத்தால் பாதியில் விலகினால் பந்தயம் ரத்தாகுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், டென்னிஸில் இதை முன்கூட்டியே பார்த்தே ஆக வேண்டும். கிரிக்கெட்டில் முதலில் ஆடிய அணி ரன் வித்தியாசத்திலும் துரத்திய அணி விக்கெட் வித்தியாசத்திலும் ஜெயிப்பதால் ஹேண்டிகேப் சரியாகப் பொருந்துவதில்லை.

ஆட்ஸும் பணமும்

இதுவரை பார்த்த 1.90 போன்ற ஆட்ஸ் தசம முறை. மலேசிய முறை ஆட்ஸில் மைனஸ் குறி வந்தால் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே 0.90 என்றால் 100க்கு 90 லாபம், அதாவது தசம முறையில் 1.90. −0.90 என்றால் 90ஐப் பணயம் வைத்து 100 லாபம், தசம முறையில் ஏறக்குறைய 2.11. லைனின் மைனஸுக்கும் ஆட்ஸின் மைனஸுக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாவற்றையும் தசம முறைக்கு மாற்றி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

இரண்டு பக்கமும் 1.90 என்றால் நஷ்டமில்லாமல் இருக்கவே 100இல் 52.63 தடவை ஜெயிக்க வேண்டும். 1.95 என்றால் 51.28 போதும். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்காதவர்கள், ஐந்து ஹேண்டிகேப்புகளைக் கோத்து ஒரே பந்தயமாக வைக்கும்போது அதைப் பல மடங்காக்குகிறார்கள். 1.90ஐ ஐந்து முறை பெருக்கினால் 24.76. ஐந்து சமவாய்ப்புப் பந்தயங்களுக்கு நியாயமான விலை 32. கிட்டத்தட்ட கால்வாசி வழியிலேயே போய்விடுகிறது.

தோற்றதை மீட்க இரட்டிப்பாக்குவது இன்னும் மோசம். 10 பவுண்டில் தொடங்கி 20, 40, 80 என்று போனவர், 1.90 ஆட்ஸில் ஐந்தாவது முறை 160 வைத்து ஜெயித்தாலும் கிடைக்கும் லாபம் 144. அதற்குள் போனது 150. ஜெயித்தும் 6 நஷ்டம். ஏழாவது முறை 640 வைத்து ஜெயித்தால் நஷ்டம் 54. இழந்ததைத் துரத்தும் பழக்கம் கையை மீறுவதாகத் தோன்றினால் இந்தியாவில் டெலி-மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

எங்கிருந்து வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2025இல் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் விளையாட்டுப் பந்தயத்துக்கு அனுமதி பெற்றது சிங்கப்பூர் பூல்ஸ். பிரிட்டனில் 18 வயது நிரம்பியவர், சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனத்தில் வைக்கலாம். பந்தயத்தைத் தீர்த்த விதத்தில் தகராறு வந்தால் அங்கே தனி நடுவர் அமைப்பிடம் முறையிட வழி உண்டு. உரிமம் இல்லாத செயலியில் +0.75ஐத் தப்பாகத் தீர்த்து முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டால், ஸ்லிப்பைப் படம் பிடித்து வைத்திருந்தாலும் அதைக் கொண்டுபோய்க் காட்ட இடமில்லை.