லிவர்பூலில் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு ஃப்ளைட் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. போட்டோவை மட்டும் பார்த்து, வாட்ஸ்அப்பில் பேசி, வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படிப் பணம் கட்டிவிட்டுப் போய் இறங்கினான். அந்த முகவரியில் வேறொரு குடும்பம் பல வருடமாகக் குடியிருந்தது. முதல் மாதம் பல்கலைக்கழக விடுதியிலோ தெரிந்தவர் அறையிலோ தங்கிவிட்டு, நேரில் பார்த்து எடுங்கள். சட்டப்படி அட்வான்ஸ் பொதுவாக ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த வைப்புத் திட்டம் ஒன்றில் ஹவுஸ் ஓனர் அதைப் பதிய வேண்டும். எந்தத் திட்டம் என்று கேளுங்கள். நேர்மையான ஓனர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாலு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், ஒருவர் கட்டாத வாடகைக்கும் மற்ற மூவரும் பொறுப்பு. கையெழுத்துக்கு முன்னால் இதை யாரும் யோசிப்பதில்லை.

இடத்தையும் பாருங்கள். கான்சர்ட் ஸ்கொயர் பக்கம் அறை கிடைத்தால் எல்லாம் கிட்டத்தில்தான், ஆனால் நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் ஓயாது. ஸ்மித்டவுன் ரோடு, வேவர்ட்ரீ பக்கம் மாணவர்கள் நிறைய, பஸ் வசதியும் உண்டு.

அப்புறம் படிப்பு. லிவர்பூல் பல்கலைக்கழகம் 1881ல் தொடங்கியது. இங்கிலாந்தில் ‘சிவப்புச் செங்கல் பல்கலைக்கழகம்’ என்று ஒரு வகையையே சொல்வார்களே, அந்தப் பெயருக்கு வித்து பிரவுன்லோ ஹில்லில் சிவப்புச் செங்கல்லால் 1892ல் கட்டி முடித்த இதன் விக்டோரியா கட்டடம். (அதே ஊரில் ஜான் மூர்ஸ், ஹோப் என்று வேறு பல்கலைக்கழகங்களும் உண்டு. கன்சல்டன்சிக்காரர் சொல்வது எது என்று ஆஃபர் லெட்டரில் பாருங்கள்.) லிவர்பூல் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். பாடம் எடுப்பவரே அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவர். பல முதுநிலைப் படிப்புகளில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் வகுப்பு. அதைப் பார்த்து மீதி நேரம் ஓய்வு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அது சிட்னி ஜோன்ஸ் நூலகத்தில் நீங்கள் உட்கார வேண்டிய நேரம்.

என் முதல் கட்டுரையில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று பத்தி பத்தியாக எழுதிக் கொடுத்தேன். 48 மதிப்பெண். முதுநிலையில் தேர்ச்சிக்கே 50 வேண்டும். மூன்றாம் பக்க ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” படித்ததைத் திருப்பிச் சொன்னால் மார்க் வரும் என்று பழகிய நமக்கு அந்தக் கேள்வி புதிது. ஆசிரியரைச் சந்திக்கவென்றே வாரந்தோறும் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கி நம்மவர்கள் போவதில்லை. நான் இரண்டாம் பருவத்தில்தான் போனேன். இருபது நிமிடம் பேசினோம். ஒரு வாதத்தை எங்கே தொடங்குவது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 65 வாங்கினால் வருத்தப்படாதீர்கள், அது நல்ல மதிப்பெண். 70 தாண்டினால் மிகச் சிறப்பு. காசு கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்கும் பக்கமே போகாதீர்கள். அந்த வியாபாரமே இங்கிலாந்தில் 2022 முதல் குற்றம்.

வேலை விஷயத்தில் தவறினால் விசாவே போய்விடும். பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான், அந்த வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை. கோடை வந்ததும் விடுமுறைதானே என்று முழுநேரம் போகிறார்கள். முதுநிலை மாணவருக்கு அது ஆய்வேடு எழுதும் காலம், அந்த 20 மணிக் கணக்கு அப்போதும் தொடரும். இன்னொருவர் அக்கவுன்ட்டில் சாப்பாடு டெலிவரி ஓட்டுவது அதைவிட ஆபத்து. மாணவர் விசாவில் சுயதொழிலுக்கே அனுமதி இல்லை.

போய் இறங்கிய வாரமே ஜிபியிடம், அதாவது பகுதி மருத்துவரிடம், பெயரைப் பதியுங்கள். மருத்துவச் சேவைக்கான கட்டணத்தை விசாவோடு ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். உடம்பு முடியாமல் கட்டுரை தாமதமானால் கெடு தேதிக்கு முன்பே துறையில் சொல்லுங்கள். கெடு முடிந்தபின் சொன்னால் அவர்கள் ஏற்பது கடினம்.

குடை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். மெர்சி ஆற்றிலிருந்து வரும் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டே உதவும்.

ஊரை அறியாமல் பேசுவதும் தவறுதான். 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். அவர்கள்மேலேயே பழி போட்டு எழுதிய ‘தி சன்’ பத்திரிகையை அந்த ஊர் மக்களில் பலர் இன்றும் தொடுவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். ஃபுட்பால் பேசும்போது அந்த நாளை விளையாட்டாக இழுக்காதீர்கள்.

நம்ம ஆட்களோடு மட்டுமே இருந்துவிடுவதும் பெரிய இழப்பு. ஊர்க்காரர்களின் ஸ்கவுஸ் பேச்சு முதலில் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டாமல், “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேளுங்கள். ஸ்மித்டவுன் ரோட்டில் எங்கள் தெருமுனைக் கடைக்கார அம்மா எனக்காக ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று தடவை சொல்வார். கிறிஸ்துமஸுக்குள் அவர் பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.