ராக் அண்ட் ரோல் பாட்டாசிரியர்களுக்கு ஒரு கேட்பு மாலை நடத்துவது எப்படி

கீர்த்தனையின் சரணத்தில், இயற்றியவர் தன் அடையாளமாக வைக்கும் முத்திரைச் சொல் வந்ததும், இது யாருடைய சாகித்யம் என்று திருவையாற்றில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ராக் அண்ட் ரோல் இசைத்தட்டில் அந்த முத்திரை நடு லேபிளில் இருக்கிறது. பாட்டின் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில். பலரும் கொட்டை எழுத்தில் உள்ள பாடகர் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். 1950-களில் அமெரிக்காவில் அந்தப் பாட்டுகளை எழுதிய தலைமுறையோ கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டிஸ் பிளாக்வெல் 2002-ல், ஜெர்ரி லீபர் 2011-ல், சக் பெரி 2017-ல், டேவ் பார்த்தலோமியூ 2019-ல், லிட்டில் ரிச்சர்ட் 2020-ல் காலமானார்கள். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ அவர்களுக்காக ஒரு மாலை கூடி உட்கார்ந்து கேட்க நினைப்பவர்களுக்கு இது உதவும்.

பத்துப் பாட்டு போதும். ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரை நிமிடம்தான் ஓடும். பேச்சையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். முன்கூட்டியே ஒரே தாளில் பாட்டு, சொல் யாருடையது, மெட்டு யாருடையது, முதலில் பாடியவர், ஆண்டு, கம்பெனி எல்லாவற்றையும் தமிழில் எழுதி நகலெடுத்துக் கொடுங்கள். சொல்லையும் மெட்டையும் பிரித்து எழுதுவது முக்கியம். சக் பெரி இரண்டையும் தானே செய்த வாக்கேயக்காரர். லீபர் சொல் எழுத, மைக் ஸ்டோலர் மெட்டமைத்தார். ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை பிக் மாமா தார்ன்டன் 1952-ல் பதிவு செய்தபோது இந்த இருவருக்கும் வயது 19. எல்விஸ் பிரெஸ்லி பாடியது நான்கு வருடம் கழித்து. தார்ன்டன் பதிவை முதலில் போட்டு, எல்விஸ் பதிவை அடுத்துப் போடுங்கள். பாட்டுக்குள் எழுதியவரின் கை எது, பாடியவரின் குரல் எது என்று விளக்காமலே புரியும்.

லேபிளை மட்டும் நம்பி எழுதினால் தப்பு வரும். 1955-ல் வந்த ‘மேபெலீன்’ தட்டில் சக் பெரியோடு ஆலன் ஃப்ரீட், ரஸ் ஃப்ராட்டோ என்று இன்னும் இரண்டு பெயர்கள் ஏறின. ஃப்ரீட் ரேடியோவில் பாட்டுப் போடுகிறவர். இருவருமே பாட்டை எழுதியவர்கள் அல்லர். அந்த இரு பெயர்களும் நீங்க 1986 வரை ஆயிற்று. ‘டோன்ட் பி க்ரூயல்’ எழுதிய பிளாக்வெல், எல்விஸ் பெயரையும் பக்கத்தில் சேர்க்க ஒப்ப வேண்டியிருந்தது. ‘ஃபீவர்’ பாட்டில் அவர் ஜான் டேவன்போர்ட் என்ற புனைபெயரில் இருக்கிறார். ‘டுட்டி ஃப்ரூட்டி’யில் லிட்டில் ரிச்சர்டின் மூலவரிகள் தட்டில் ஏற்ற முடியாத அளவு பச்சையாக இருந்ததால், அவற்றை மாற்றி எழுதிய டாரத்தி லபாஸ்ட்ரியின் பெயரை விட்டுவிடாதீர்கள். மாலை நடத்துவதே இந்தப் பெயர்களைச் சரியாகச் சொல்லத்தான்.

செல்போனிலிருந்து போடுவதானால் மறுபதிவுகள்தான் பெரிய பொறி. சக் பெரி தன் பழைய பாட்டுகளை 1966-67-ல் மெர்குரி கம்பெனிக்காகத் திரும்பப் பாடினார். லிட்டில் ரிச்சர்ட் 1964-ல் வீ-ஜே கம்பெனிக்காக. பெயரும் பாடகரும் அதேதான், ஆனால் உயிர் வேறு. சக் பெரிக்கு செஸ் கம்பெனிப் பதிவா, லிட்டில் ரிச்சர்டுக்கு ஸ்பெஷால்டி கம்பெனிப் பதிவா என்று பார்த்தே இறக்குங்கள்.

தட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது, வேலையும் அதிகம். நிமிடத்துக்கு 78 சுற்றும் தட்டுக்கு ஊசிமுனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு இருக்க வேண்டும். 45 சுற்றும் வினைல் தட்டுக்கு ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. சின்ன ஊசியை 78-ல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் இருக்கும் அழுக்கில் உரசி இரையும். 78 அரக்குத் தட்டு, ஆகவே ஸ்பிரிட் படவே கூடாது, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, லேபிளில் படாமல் பள்ளம் போகும் வட்டத்திலேயே துடையுங்கள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், பாதி இரைச்சல் அடங்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பிளேயரில் ஒரு கோளாறு இருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. ஏசி மோட்டார் உள்ள பிளேயர் என்றால் 45 சுற்ற வேண்டிய தட்டு 37.5 தான் சுற்றும். ஐந்து கட்டையில் ஒலிக்க வேண்டிய பாட்டு மூன்று கட்டையில் இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே குறைக்கும், இதைச் சரிசெய்யாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லியை மாற்ற வேண்டும்.

நாள் என்று பார்த்தால் மே முதல் பத்து நாள் தோதானது. 6-ந்தேதி பிளாக்வெல் நினைவு நாள், 9-ந்தேதி லிட்டில் ரிச்சர்டுக்கு. அந்த வெயிலில் தட்டுகளைக் காருக்குள் விட்டுவிட்டால் வினைல் நெளிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். அடைமழையில் கரண்ட் போகும், காகித உறையில் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளைச் சுவரோரம் படுக்கவைத்து அடுக்காமல், சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தி வையுங்கள்.

முற்றம் உள்ள வீட்டில் ஒலி மேலே போய்விடும். ஸ்பீக்கர்களைக் கூடத்தின் உள்சுவரோரம் வையுங்கள். பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே பெஞ்சில் இருந்தால் ஊசி அதிர்ந்து ஊளை கிளம்பும். தனித்தனி மேசை போடுங்கள். அறிவிக்கும்போது எழுதியவர் பெயரை முதலில் சொல்லி, பாட்டின் கருத்தை இரண்டு வரியில் தமிழில் சொல்லுங்கள். பாடகர் பெயர் பாட்டு முடிந்த பிறகு. பாட்டு ஓடும்போது யாரும் பேச வேண்டாம்.

கேட்க வருகிறவர்களில் எண்பதை நெருங்கும் பெரியவர்கள் இருப்பார்கள்: இலங்கை வானொலியில் கேட்டவர்கள், பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர்கள். அவர்களிடம் “பிடிக்குமா?” என்று கேட்டால் “பிடிக்கும்” என்பதோடு முடிந்துவிடும். எந்த வீட்டு ரேடியோ, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அனுமதி வாங்கி, மின்விசிறியை நிறுத்தி, போனை ஒரு முழத்துக்குள் வைத்துப் பதிவு செய்யுங்கள். அன்றிரவே கோப்புக்குப் பெயர், ஊர், தேதி இட்டு, ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.